பெட்ரோல் குழாயில் துரு: ஒட்டுப் போடாதீர்கள், மாற்றுங்கள்

(விவசாய நேயர்களுக்கான வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சி மருந்து பற்றியெல்லாம் இந்த நேரத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். வயலில் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு போகிறதே, அந்தப் பழைய காரைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாம். அதிலும், காரின் அடிவயிற்றில் ஓடுகிற ஒரு சின்ன இரும்புக் குழாயைப் பற்றி. சுண்டு விரல் பருமன்கூட இல்லாத குழாய். ஆனால் அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வண்டியும் போகும், வண்டியில் இருக்கிற ஆளும் போகக்கூடும்.

சானமாவு, பேரண்டப்பள்ளி, உத்தனப்பள்ளி, சூளகிரி பக்கத்து ஊர்களில் வீட்டு வாசலைப் பாருங்கள். ஒரு பழைய அம்பாசடர், அல்லது மாருதி 800, அல்லது ஆம்னி வேன் நிற்கும். பின் சீட்டைக் கழற்றிவிட்டுத் தக்காளிப் பெட்டி அடுக்குவார்கள். ரோஜாக் கட்டு, கொத்தமல்லிக் கட்டு, பீன்ஸ் மூட்டை எல்லாம் அதில்தான் போகும். உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. மாருதி 800 வருவதும் அதே 2014-இல் நின்றது. ஆம்னி 2019-இல் நின்றது. ஆகவே நம் வாசலில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை வயதானவை. வயதான வண்டியை வைத்திருப்பது தவறில்லை. வயதான மாட்டைப் பார்த்துக்கொள்வது போல அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

நம் பகுதிக்கு இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கேழ்வரகு முற்றும் காலத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக யானைக் கூட்டம் சானமாவு காட்டுக்கு வருவது உங்களுக்குத் தெரிந்ததே. விடியற்காலை 3 மணிக்குச் சந்தைக்குப் போகிற வண்டி காட்டுச் சாலையில் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ஏதோ பெட்ரோல் வாடை வருது, போய் வந்து பாத்துக்கலாம்" என்று கிளம்புகிற பழக்கம் இங்கே இரட்டிப்பு ஆபத்து.

துரு எப்படி வருகிறது?

பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. எஞ்சின் முன்பக்கம். இரண்டையும் இணைக்கும் குழாய் வண்டியின் அடியில், சக்கரம் வாரி அடிக்கிற சேறு, கல், தண்ணீர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிடக்கிறது. குழாயை அடித்தகட்டோடு பிடித்துவைக்க ஆங்காங்கே கிளிப் இருக்கும். அந்தக் கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் நம் செம்மண் போய் உட்காரும். மண் ஈரத்தை விடாது. வெளியில் பார்த்தால் குழாய் நன்றாகத்தான் தெரியும். கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால்தான் அதற்கு அடியில் குழாய் காகிதம் போல் அரித்திருப்பது தெரியும். துருவின் முதல் இருப்பிடம் கிளிப்புக்கு அடிப்பக்கம் என்பதை மறக்காதீர்கள். இரண்டாவது இடம், பின்சக்கரத்துக்கு நேரே உள்ள வளைவு.

அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் பனிக்காலத்தில் சாலையில் உறைந்த பனியைக் கரைக்க உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு கார்களின் பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் அரித்துவிடுவது அங்கே பெரிய தொல்லை. நமக்குப் பனியும் இல்லை, சாலையில் உப்பும் இல்லை. ஆனால் அதே காரில் நாம் பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறோம். நாம் பொட்டாஷ் என்று சொல்வது பொட்டாசியம் குளோரைடு. அதுவும் ஓர் உப்புத்தான். மூட்டையிலிருந்து சிந்தியது பலகை இடுக்கு வழியாக இறங்கி, ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். அமோனியம் சல்பேட்டும் அப்படியே. வண்டியை மாட்டுக் கொட்டகையிலேயே நிறுத்துகிறவர்களும் உண்டு. சாணி, கோமியம் கலந்த ஈரமும் இரும்புக்கு ஆகாது. உரம் ஏற்றிய அன்றே வண்டியின் உள்ளேயும் அடியிலும் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு வெயிலில் நிறுத்தினால் குழாயின் ஆயுள் கூடும். செலவு ஒன்றுமில்லை.

குழாய் உள்ளிருந்தும் கெடுகிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனை 2023 பிப்ரவரி 6 அன்று நமக்குப் பக்கத்திலுள்ள பெங்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. 2025-இல் நாட்டின் சராசரிக் கலப்பே 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியில் அந்த ஈரம் டேங்கிலும் குழாயிலும் துருவை உண்டாக்கும். பழைய காலத்து ரப்பர் ஹோஸும் வாசரும் இந்தக் கலப்பைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. சிலது ஊதிப் போகும், சிலது வெடிப்பு விடும். எனவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இரும்புக் குழாயைப் பார்க்கும்போதே ரப்பர் இணைப்புகளையும் பார்த்துவிட வேண்டும்.

பம்புசெட் தெரிந்தவர்களுக்கு இது எளிது

கிணற்று மோட்டாரில் சக்ஷன் குழாய், டெலிவரி குழாய் என்று இரண்டு உண்டு அல்லவா? டெலிவரியில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சும், கண்ணுக்குத் தெரியும். சக்ஷனில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது.

காரிலும் இதே கதைதான். கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் பெரும்பாலும் பெட்ரோல் பம்பு எஞ்சின் பக்கத்தில் இருக்கும். ஆகவே டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள நீளக் குழாய் முழுவதும் சக்ஷன் குழாய். வண்டி ஓடும்போது ஓட்டை வழியே காற்றை இழுக்கும். எஞ்சின் திக்கும், மேட்டில் இழுக்காது, காலையில் ஸ்டார்ட் ஆகாது. வண்டி நிற்கும்போதுதான் சொட்டும். அதனால்தான் "ஓடும்போது ஒழுகலையே, அப்புறம் எப்படி தரையில கறை?" என்று பலர் குழம்பிப் போகிறார்கள். பம்பைத் தாண்டி கார்புரேட்டர் வரை உள்ள சிறு குழாய் டெலிவரி. அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோ அளவுதான். ஆனால் அது சூடான எஞ்சின் மேலே இருப்பதால் அங்கே கசிவது மிகவும் கெடுதல்.

பிற்காலத்தில் வந்த இன்ஜெக்‌ஷன் கார்களில் பம்பு டேங்குக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த வண்டிகளில் குழாய் முழுவதும் டெலிவரி. அழுத்தம் இரண்டரை, மூன்று கிலோ அளவில் இருக்கும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அழுத்தம் குழாயில் தங்கியிருக்கும். அதைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். ஆகவே இன்று நான் சொல்லப் போகிற வீட்டு வேலை கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல், கயிறு கட்டி இழுத்துப் போய்த் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். டீசல் வண்டியிலும் டேங்கிலிருந்து பம்பு வரும் குழாயை மாற்றலாம். ஆனால் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தக் குழாயில் கை வைக்கக் கூடாது. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அறிகுறிகள்

காலையில் வண்டிக்குப் பக்கத்தில் போகும்போதே பெட்ரோல் வாடை அடிப்பது, நின்ற இடத்தில் மண் கறுத்திருப்பது, காரணமில்லாமல் மைலேஜ் குறைவது, குழாய் மேல் ஈரமும் அதில் ஒட்டிய புழுதியும், ஃபில்டரில் பழுப்புத் தூள் சேருவது ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியைக் குனிந்து பாருங்கள். பார்ப்பதற்குப் பேட்டரி டார்ச் போதும். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது, செல்போனைப் பேசிக்கொண்டே அடியில் நுழைவது எல்லாம் வேண்டாம்.

ஆம்னி வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே கசிந்தால் ஓட்டுபவர் அடுப்பின் மேல் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

தீப்பிடிப்பது ஆவிதான்

பெட்ரோலைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். தீப்பிடிப்பது பெட்ரோலிலிருந்து எழும் ஆவி. மார்கழிக் குளிரிலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். தண்ணீர் உறையும் குளிருக்கும் கீழே 40 பாகை போனாலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றைப் போல 3, 4 மடங்கு கனம். ஆகவே மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும்.

இதிலிருந்து தெரிவது என்ன? வண்டிக்கு அடியில் பள்ளம் தோண்டி அதில் நின்று இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஆவி உங்களோடு பள்ளத்தில் இருக்கும். கொட்டகைக்குள், கதவு சாத்திய அறையில் செய்யக் கூடாது. பத்தடி தள்ளி அடுப்பு எரிந்தாலும் ஆவி தரையோடு போய் அடுப்பைத் தொடும். தொட்டால் நெருப்பு அதே வழியாகத் திரும்பி வரும்.

இன்னொன்று. பெட்ரோல் வடித்த காலி டேங்க், நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. நிறைந்த டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்து போலக் காத்திருக்கும். "தண்ணி ஊத்தி அலசியாச்சு, ஒரு சின்ன வெல்டிங்தானே" என்று டேங்குக்கோ, டேங்கோடு சேர்ந்த குழாய்க்கோ வெல்டிங், பற்றவைப்பு எதுவும் வேண்டவே வேண்டாம். டேங்க் ஓட்டையானால் மாற்று டேங்க் போடுங்கள்.

நம் ஊர் இளைஞர்கள் பலர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார்கள். ஓசூரில் 1970-களில் சிப்காட் வந்த பிறகு வீட்டுக்கு ஒரு ஃபிட்டர், ஒரு டர்னர் என்று ஆகிவிட்டது. தொழிற்சாலையில் நெருப்பு வேலை என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒருவரும் டார்ச்சைக் கையில் எடுப்பதில்லை. அதே தம்பி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் லுங்கியைக் கட்டிக்கொண்டு, கட்டிங் வீலை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைகிறார். ஆலைக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று நெருப்புக்குத் தெரியாது.

வேலைக்கு முன்னால்

முதலில், எஞ்சின் ஆறட்டும். ஓடி வந்த வண்டியில் சைலன்சர் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியைக் காலை வெளிச்சத்தில் எடுப்பது உத்தமம்.

இரண்டாவது, இடம். வண்டியைக் கையால் தள்ளி வெட்டவெளியில், மேடான சமதரையில் நிறுத்துங்கள். கேழ்வரகுத் தாள் போர், வைக்கோல் போர், வீட்டுக் கூரை, அடுப்பு, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாவற்றிலிருந்தும் நன்றாகத் தள்ளி நிறுத்த வேண்டும். பிள்ளைகளையும் பீடி பிடிப்பவர்களையும் அப்புறப்படுத்துங்கள்.

மூன்றாவது, பேட்டரி. பாடியோடு இணைத்திருக்கும் எர்த் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் ஏற்கெனவே பெட்ரோல் தேங்கியிருந்தால் அந்த இடத்திலேயே கழற்றாதீர்கள். கழற்றும்போது சிறு பொறி வரும். வண்டியைத் தள்ளி வேறிடம் கொண்டுபோய், வாடை அடங்கிய பிறகு கழற்றுங்கள்.

நான்காவது, தாங்கல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். இல்லாவிட்டால் நல்ல கெட்டி மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். ஹாலோ பிளாக் கல் வேண்டாம். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியை உலுக்கிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டும் உள்ளே போங்கள்.

ஐந்தாவது, நெருப்புக்குத் தயார். 2 கிலோ பவுடர் தீயணைப்பான் ஒன்று, ஒரு கூடை மணல், நனைத்த கனமான கம்பளி ஒன்று. இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பருத்தித் துணி உடுத்துங்கள். டெரிலின், நைலான் துணி பற்றினால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். கூட ஒருவர் இருக்கட்டும். அவர் வண்டிக்கு வெளியே நிற்கட்டும்.

பெட்ரோலை வடித்தல்

டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மீதியை வடிக்கக் கையால் அமுக்கும் சைபன் பம்பு கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

வாயால் உறிஞ்சி வடிக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிட வேண்டும். பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட, புரையேறி நுரையீரலுக்குள் போவதுதான் கொடியது. சில துளிகளே நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். அப்படி யாருக்காவது போய்விட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியில் மறுபடியும் புரையேறும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வடித்த பெட்ரோலுக்கு மூடியுள்ள தகர கேனைப் பயன்படுத்துங்கள். கேனைத் தரையில் வைத்து நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் குடம், வாளி, மருந்து அடித்த டப்பா எதுவும் வேண்டாம். நிரம்பிய கேன் நிழலில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வேலை முடிந்ததும் வெள்ளைத் துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். கெட்டுப்போனதை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். நாளைக்கு அதே தண்ணீரைத்தான் நாம் குடிக்க வேண்டும்.

பழைய குழாயைக் கழற்றுதல்

நட்டு துருவில் இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே அடித்து ஊறவிடுங்கள். சூடு காட்டி இளக்குகிற வேலை இங்கே கூடாது. நட்டைத் திருப்பும்போது குழாயும் சேர்ந்து முறுகினால் நிறுத்துங்கள். ஒரு ஸ்பேனரால் இணைப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் நட்டைத் திருப்ப வேண்டும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கையால் சுற்றி வெட்டும் குழாய் கட்டரைப் பயன்படுத்துங்கள். கட்டிங் வீல், கிரைண்டர் எதுவும் வண்டியின் பக்கத்திலேயே வரக் கூடாது. டேங்கின் வாயைத் துணி திணித்து மூடாதீர்கள். பொருத்தமான ரப்பர் மூடியால் மூடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மேலே இருந்து கண்ணில் துரு விழும்.

பழைய குழாயை முடிந்தவரை உடைக்காமல் எடுப்பது நல்லது. அதுதான் புதுக் குழாய்க்கு அச்சு. உடைந்துவிட்டால் கனத்த ஜி.ஐ. கம்பியை எடுத்து, குழாய் போன வழியிலேயே வளைத்து மாதிரி செய்துகொள்ளுங்கள்.

புதுக் குழாய்

இங்கேதான் நம்மவர்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். ஓட்டை ஓரிடத்தில் தெரிகிறது என்றால், மற்ற இடங்களிலும் குழாய் மெலிந்துவிட்டது என்று பொருள். அதே வயது, அதே சேறு. இன்று இங்கே ஒட்டினால் அடுத்த மாதம் ஒரு முழம் தள்ளி ஒழுகும். எனவே டேங்கிலிருந்து பம்பு வரை முழுக் குழாயையும் மாற்றுவதே முறை.

பழைய குழாயையோ கம்பி மாதிரியையோ எடுத்துக்கொண்டு ஓசூரில் பிரேக் குழாய் செய்து தரும் கடைக்குப் போனால் அதே அளவில், துரு ஏறாத பூச்சுக் கொடுத்த எஃகுக் குழாயில் வளைத்து, நுனியைப் பிரித்துக் கொடுப்பார்கள். அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளின் சாமான்கள் இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூர் ஜே.சி. ரோடு இருக்கிறது. நமக்கு 40 கிலோமீட்டர்தான். குழாயின் வெளி விட்டத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கண் மதிப்பு உதவாது.

ரப்பர் ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைப் படியுங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு 'எஸ்.ஏ.இ. 30 ஆர் 7' என்று இருக்கலாம். 'ஆர் 9' என்று இருந்தால் இன்னும் மேல். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 'ஆர் 9' தான் போட வேண்டும். மெக்கானிக்கிடம் விட்டாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தே இல்லாத ஹோஸை வாங்க வேண்டாம்.

இரும்புக் குழாய் நுனியில் ஹோஸ் நழுவாமல் இருக்க ஒரு சிறு வளையப் புடைப்பு இருக்க வேண்டும். ஹோஸ் அந்தப் புடைப்பைத் தாண்டி ஓர் அங்குலமாவது ஏற வேண்டும். அதற்கு அப்பால் கிளிப் போட்டு இறுக்குங்கள். கிளிப் ரப்பரை வெட்டும் அளவுக்கு முறுக்காதீர்கள். கட்டுக்கம்பி சுற்றி முறுக்குவது கிளிப் ஆகாது.

குழாய் போகும் வழியும் முக்கியம். சைலன்சர் குழாய்க்கு அருகே போகக் கூடாது. பாடியின் கூர்மையான விளிம்பில் உரசக் கூடாது. தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். ஒன்றேகால் அடிக்கு ஒரு கிளிப் கொடுங்கள். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவில் ரப்பர் துண்டு வையுங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தைக் குழாய் கடக்கக் கூடாது. பழைய ஃபில்டரையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

செய்யக் கூடாத வைத்தியங்கள்

நம் பகுதியில் சொட்டுநீர் இல்லாத தோட்டம் அபூர்வம். வீட்டில் லேட்டரல் டியூப் துண்டு எப்போதும் கிடக்கும். "அளவு சரியா இருக்குதே" என்று அதைப் பெட்ரோல் குழாயாக மாட்டுகிறவர்கள் உண்டு. தண்ணீருக்கென்று செய்த அந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலில் மெத்தென்று ஆகும், சூட்டில் இளகும், ஒரு நாள் நழுவும். மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர் ஹோஸும் அப்படித்தான். சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவது இன்னொரு வைத்தியம். அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி ஊதிக் கூழாகும்.

துணி சோப்பைத் தேய்த்து ஓட்டையை அடைப்பது பழைய லாரி டிரைவர்களின் கைவைத்தியம். சோப்பு பெட்ரோலில் கரையாது என்பது உண்மைதான். ஆகவே நிற்கிற வண்டியில் சொட்டுவதைச் சற்று நிறுத்தி, பெட்ரோலை வடிக்க அவகாசம் கொடுக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. அதை நம்பி மூட்டை ஏற்றாதீர்கள். இரு களிம்பைக் கலந்து அடைக்கும் பசையும் அதிர்கிற துருக் குழாயில் பிடித்து நிற்காது. குளிர்சாதனப் பெட்டிக்கான செம்புக் குழாயும் வேண்டாம். அது வண்டி அதிர்ச்சியில் நாளடைவில் விறைத்து வெடிப்பு விடும்.

சோதித்துப் பார்த்தல்

எல்லாம் பூட்டியாயிற்றா? உடனே சாவியைத் திருகாதீர்கள். முதலில் 3 லிட்டர் பெட்ரோல் ஊற்றுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் மறுபடியும் கழற்றிப் பூட்டுங்கள். உலர்ந்திருந்தால், சிந்தியதெல்லாம் காய்ந்து வாடை போன பிறகு பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் எஞ்சினை ஓட விட்டு, இன்னொருவர் வெளியே நின்றபடி டார்ச் அடித்துப் பார்க்கட்டும். 10 நிமிடம் ஓடட்டும். காலி வண்டியை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டி வந்து திரும்பப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை, ஒரு வாரத்தில் ஒரு தடவை கிளிப்புகளைத் தொட்டுப் பாருங்கள்.

பெட்ரோல் துடைத்த துணிகளை வண்டியிலோ அடுப்படியிலோ போட்டுவைக்காதீர்கள். வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பீடியோ சமையலோ.

கீழே படுத்திருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். பெட்ரோல் குழாயைப் போலவே பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயும் அடித்தகட்டோடு ஓடுகிறது. அதற்கும் அதே வயது, அதே துரு. பெட்ரோல் குழாய் அரித்திருந்தால் பிரேக் குழாயையும் துடைத்துப் பாருங்கள். துரு உரிந்து பொருக்குப் பொருக்காக வந்தால் அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள். பிரேக் குழாயில் வெட்டி ஒட்டுவது, ரப்பர் ஹோஸ் செருகுவது ஆகியவற்றுக்கு இடமே கிடையாது.

நெருப்பு வந்துவிட்டால்

பெட்ரோல் தீயில் தண்ணீரை வாரி ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும். பவுடரை அடியில் குறிவைத்து அடியுங்கள். சிறு தீ என்றால் மணலால் மூடுங்கள். டேங்குப் பக்கம் பற்றிவிட்டால் வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் தூரப் போய்விடுங்கள். 101 அல்லது 112-க்குச் சொல்லுங்கள். வண்டியை மறுபடி வாங்கலாம்.

ஆள் மேல் பற்றினால் ஓடவிடாதீர்கள். கீழே படுக்கவைத்து நனைந்த கம்பளியால் மூடி உருட்டுங்கள். வெந்த இடத்தில் 20 நிமிடம் குளிர்ந்த சுத்தமான தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். நெய், மஞ்சள், இங்க், பற்பசை எதையும் தடவ வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, 108 வண்டியில் அனுப்புங்கள்.

விவசாயப் பெருமக்களே! இத்தனையும் கேட்டுவிட்டு, "ஏனுங்க, ஒரு குழாய்க்கு இவ்வளவா?" என்று தோன்றலாம். முறையாகச் செய்தால் இது ஒரு பகல் வேலை. கையில் கருவியும் துணைக்கு ஆளும் இல்லாதவர்கள் இதை வீட்டில் செய்யத் தேவையில்லை. நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து, முழுக் குழாய் மாற்றச் சொல்லி, எழுத்துள்ள ஹோஸ் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அடியில் வெல்டிங் டார்ச்சோடு நுழைந்தால் வேண்டாம் என்று தடுக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அவரும் ஒரு வீட்டுக்குப் பிள்ளைதான்.

கேழ்வரகு அறுவடைக்கும் யானை வரத்துக்கும் முன்னால், மழை ஓய்ந்த ஒரு நாளில், வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியின் அடியைக் கழுவிக் கிளிப் கிளிப்பாகக் கழற்றிப் பாருங்கள். வாடை வந்தால் அன்றைக்குப் பக்கத்து வீட்டு வண்டியில் சரக்கை ஏற்றி அனுப்புங்கள். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.